லம்பாங் மலிவுதான்... யாருக்கு?

சியாங் மாய் விலை ஏறிப்போச்சு, அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு இணையத்தில் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது: லம்பாங். சியாங் மாயிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். அறை வாடகை இவ்வளவு, நூடுல்ஸ் இவ்வளவு, காபி இவ்வளவு என்று ஒரு பட்டியல். கீழே 'நம்ப முடியாத மலிவு' என்று ஒரு வரி. வீடியோவாக இருந்தால் பின்னணியில் குதிரை வண்டி ஓடும். அவ்வளவுதான், ஊர் முடிந்தது.

மலிவு என்பது வாங் ஆறு மாதிரி அந்த ஊரில் தானாக ஓடிக்கொண்டிருக்கிற சமாச்சாரமா என்ன? விலையை வருமானத்துக்குப் பக்கத்தில் வைத்தால்தானே மலிவா இல்லையா என்று தெரியும்! வணிகவியல் படிக்காதவர்களுக்கும் புரிகிற கணக்குதான். 2025 நிலவரப்படி தாய்லாந்தில் குறைந்தபட்ச தினக்கூலி மாகாணத்தைப் பொறுத்து 337 முதல் 400 பாட் வரை. உச்சபட்சமான 400ஐயே லம்பாங்குக்கும் வைத்துக்கொள்ளலாம் (உண்மையில் அங்கே அதைவிடக் குறைவு). மாதம் 26 நாள் வேலை என்றால் 10,400 பாட். அதே நாட்டில், 50 வயது தாண்டி ஓய்வுக்காலத்தைக் கழிக்க வருகிற வெளிநாட்டவர் விசாவுக்குக் காட்ட வேண்டிய மாத வருமானம் 65,000 பாட். இல்லாவிட்டால் வங்கியில் 8 லட்சம் பாட் இருப்பு. ஆறு மடங்குக்கும் மேலே! நாலாயிரம் பாட் வாடகை இவருக்குச் சில்லறை. அந்த அறையைப் பெருக்கித் துடைப்பவருக்கோ கிட்டத்தட்ட பத்து நாள் கூலி.

உடனே ஒரு பதில் வரும்: "நாங்கள் வந்தால் ஊருக்குப் பணம் வருகிறதே!" வரட்டும், நல்லதுதான். ஆனால் எவ்வளவு குறைவாகச் செலவழித்தோம் என்று பட்டியல் போட்டுப் பெருமையடிப்பதும் இவர்கள்தான், ஊருக்குக் கொட்டிக் கொடுக்கிறோம் என்று மார்தட்டுவதும் இவர்கள்தான். ரெண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கப்பா :-)

பட்டியலில் வராத செலவும் இருக்கிறது. லம்பாங் மாகாணத்தின் மே மோ என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல் மின் நிலையமும் உண்டு. 1992ல் அங்கிருந்து வந்த கந்தகப் புகையால் சுற்றியிருந்த கிராமத்து மக்கள் நூற்றுக்கணக்கில் நோயில் விழுந்தார்கள். பிறகு கந்தகத்தைப் பிரிக்கும் கருவிகள் பொருத்தப்பட்டன. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி உச்ச நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015ல். இருபத்து மூன்று வருஷம்! இது போதாதென்று பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத் தீயும் வயலில் வைக்கிற தீயும் சேர்ந்து வடக்கு முழுக்கப் புகை. மடிக்கணினியோடு வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு தெற்கே கடற்கரைக்குப் போய்விடலாம். லம்பாங்காரர் எங்கே போவார்? அதே காற்றைத்தான் மூச்சு விட்டாக வேண்டும்.

இத்தனைக்கும் அந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லாமல் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ஆற்றங்கரையில் காட் காங் தா என்று ஒரு பழைய கடைத்தெரு. தேக்கு வியாபாரம் கொழித்த காலத்தில் பர்மியரும் சீனரும் மேற்கத்தியரும் வந்து போன இடம்; ஒவ்வொரு வீடும் ஒரு பாணி. வார இறுதி மாலைகளில் சந்தை கூடும். பாங்காக்கிலிருந்து ரயில் இங்கே வந்து சேர்ந்தது 1916ல். கோ கா பக்கம் போனால் வாட் ப்ரதாட் லம்பாங் லுவாங் என்ற மரக் கோயில். அங்கே ஒரு சிறிய இருட்டு மண்டபத்துக்குள் ஓட்டை வழியாக வருகிற வெளிச்சம், வெளியே இருக்கிற ஸ்தூபியைத் தலைகீழாகத் துணியில் காட்டும். (அந்த மண்டபத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை. அதற்குத் தனியாக ஒரு சண்டை போட வேண்டும்.)

அப்புறம் சேவல் கிண்ணம். சீனாவிலிருந்து வந்த வடிவம்தான். ஆனால் லம்பாங்கின் வெள்ளைக் களிமண் கிடைத்த பிறகு இந்த ஊரின் அடையாளமாகிவிட்டது. ஒரு சேவல், ஒரு வாழை, ஒரு பூ. பல பட்டறைகளில் இன்றைக்கும் கையால்தான் தீட்டுகிறார்கள். இந்தக் கிண்ணத்தைப் பற்றிப் பட்டியல்காரர் எழுதுவது ஒரே வரி: பேரம் பேசினால் குறைப்பார்கள்.

தாய்லாந்து மொழியில் மலிவு என்பதற்கு 'தூக்' என்று ஒரு சொல். அதே சொல்லுக்குச் 'சரி' என்றும் அர்த்தம் உண்டு. பட்டியல்காரர் அங்கே போய் முதலில் கற்றுக்கொள்கிற நாலைந்து வார்த்தைகளில் அதுவும் ஒன்றாக இருக்கும், சந்தையில் உபயோகப்படுமே. ரெண்டாவது அர்த்தத்தை மட்டும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை போலிருக்கிறது. அதனால்தான் ஒரு மனுஷி நாள் முழுக்கத் தீட்டிய சேவலுக்கு இன்னும் பத்து பாட் குறையுங்கள் என்று கூசாமல் நிற்க முடிகிறது.