பெயரா, சரக்கா?

திருவில்லிப்புத்தூர் பால்கோவாவுக்கு 1999-ம் வருஷத்துச் சட்டத்தின்படி 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பசும்பாலையும் சர்க்கரையையும் சுண்டக் காய்ச்சுவதுதான் அதன் பெருமையேயன்றி, வேறு மந்திரம் யாதொன்றுமில்லை. எங்கேயோ மாவைக் கலந்து கிண்டி, டப்பாவின்மேல் கோபுரப் படத்தையும் அவ்வூர்ப் பெயரையும் ஒட்டி விற்றுவிட்டால், அது பால்கோவாவாகிவிடுமா? அது சுற்றுக் கிராமங்களில் மாடு வளர்த்துப் பால் கறப்பவனின் பிழைப்பைத் திருடுவதேயாகும்.

வ. புதுப்பட்டித் தோழர்களே! பிறப்பைக் காட்டி உயர்வு கேட்பவனுக்கும், சரக்கில்லாமல் பெயரைக் காட்டி விலை கேட்பவனுக்கும் என்ன வித்தியாசம்? முன்னவனைக் கேள்வி கேட்கத் துணிந்த நாம் பின்னவனை மாத்திரம் ஏன் விடவேண்டும்? குறியீடு சர்க்கார் கொடுப்பது; யோக்கியதையோ சரக்கில் இருக்கவேண்டியது. ஆகவே படத்தைக் கும்பிட்டு வாங்காதீர்கள். உள்ளே இருப்பது என்னவென்று கேட்டு வாங்குங்கள்.