வில்லும் உடலும்

கருவியை விலை கொடுத்து வாங்கலாம். அதனைத் தாங்கும் உடலின் உரத்தை எவரும் விலைக்கு வாங்க இயலாது. இவ்வுண்மை எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது. எனினும், மலைமீது ஏறி வில்லால் வேட்டையாடுவோருக்கு இது சிறப்பாகப் பொருந்தும். பிற தொழில்கள் பலவற்றில் உடல் தளர்ந்தால் இழப்பு தொழில் செய்பவனைச் சாரும். மலை வேட்டையிலோ, வேட்டுவனுடைய உடல் தளர்ந்தால் துன்புறுவது மற்றோர் உயிர். ஆதலால், வில் வேட்டைக்குச் செல்வோன் தன் உடலைப் பண்படுத்திக்கொள்வது அவனுடைய விருப்பத்தைப் பொறுத்தது அன்று. தன் கைக்கு இலக்காகும் விலங்குக்கு அவன் செலுத்த வேண்டிய கடனாகும்.

வேட்டை ஆடலாமா, ஆடலாகாதா என்பது பெரிய வினா. நாட்டுக்கு நாடு அதன் விடை வேறுபடுகின்றது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை விலக்கிவிட்டது. அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ, வேட்டை சட்டத்துக்கு உட்பட்டு நடைபெறுகின்றது. காலமும் கருவியும் வரையறுத்து, உரிமச்சீட்டுப் பெற்றோரை மட்டுமே அரசு வேட்டைக்கு விடுகின்றது. சட்டம் ஒப்புகின்ற இடத்தில், அதனைச் செய்வோன் எத்தகைய தகுதியோடு செய்ய வேண்டும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

அந்நாட்டின் மேற்குப் பகுதியில் ராக்கி மலைத்தொடர் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றது. அம்மலைகள் மிக உயர்ந்து விளங்கும் மாநிலம் கொலராடோ. அங்கே எல்க் எனப்படும் பெரிய மானினம் வாழ்கின்றது. நன்கு வளர்ந்த ஆண் எல்க் ஏறக்குறைய 300 கிலோ எடை இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரம்பற்ற வேட்டையால் இவ்வினம் அம்மாநிலத்தில் அருகிப்போயிற்று. பின்னர், அண்டையிலுள்ள வயோமிங்கிலிருந்து எல்க்குகள் கொண்டுவந்து விடப்பட்டன. சட்டத்தின் காவலால் அவை பெருகி, இன்று அங்கு இரண்டரை இலட்சத்துக்கு மேல் வாழ்கின்றன. வில் வேட்டைக்கு அங்கே ஒதுக்கப்படும் பருவம் செப்டம்பர் மாதம். அது எல்க்குகள் இணைசேரும் காலம். விடியற்பொழுதில் ஆண் எல்க்கின் நெடுங்குரல் ஊதுகுழலின் ஓசைபோல் பள்ளத்தாக்கெங்கும் எதிரொலிக்கும். அக்குரலைத் தேடிச் செல்வோன் 2,500 மீட்டர் முதல் 3,500 மீட்டர் வரை உயர்ந்த காடுகளில் ஏறி இறங்க வேண்டும்.

அவ்வுயரத்தில் உடலுக்கு நேர்வது யாது? காற்றிலுள்ள பிராணவாயுவின் விகிதம் எங்கும் ஒன்றே. ஏறக்குறைய நூற்றுக்கு இருபத்தொரு பங்கு. ஆனால், மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகின்றது. 3,000 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்ட அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்கு அளவே உள்ளது. ஆகவே, ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் பிராணவாயு குறைகின்றது. அக்குறையை ஈடுசெய்ய மூச்சு விரைகின்றது. இதயம் மிகுதியாகத் துடிக்கின்றது. பழகாதவனுக்குத் தலைவலியும் குமட்டலும் உறக்கமின்மையும் தோன்றுவதுண்டு. சிலருக்கு நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே இடர் விளையும். அந்நிலையில் உடனே கீழே இறங்குவதே முதற்கடமை.

இவ்வளவு இடர்ப்பட்டு ஏறியவன் வில்லை வளைக்கும்போதுதான் உடலின் உண்மை வெளிப்படும். துப்பாக்கியின் குண்டு பாயும் வேகத்தால் உடலைச் சிதைக்கும். அம்பின் இயல்பு வேறு. அது தன் கூர்முனையால் குருதிக்குழாய்களை அறுத்தே உயிரைப் போக்குகின்றது. இதயமும் நுரையீரலும் அமைந்த மார்புப் பகுதியில் அது செம்மையாகப் பாய்ந்தால், விலங்கு விரைவில் வீழும். சற்றே விலகி வயிற்றிலோ தொடையிலோ பாய்ந்தால், அவ்விலங்கு பல மணிநேரம், சில வேளைகளில் பல நாள், வேதனையோடு அலைந்து எங்கோ ஒரு புதரில் மடியும்.

எவ்வளவு விலகினால் இவ்விளைவு நேரும்? 40 மீட்டர் தொலைவில் நிற்கும் இலக்கை நோக்கி எய்யும்போது, கை அரைப் பாகை அசைந்தால் போதும். அம்பு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் விலகிவிடும். மேலும், இக்காலத்து வில்லிலிருந்து புறப்படும் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 85 மீட்டர் செல்கின்றது. ஒலியோ 340 மீட்டர் செல்கின்றது. நாணின் ஓசை அம்பை முந்திச் சென்று விலங்கின் செவியை எட்டிவிடுகின்றது. அது திடுக்கிட்டு அசைவதற்கும் இடமுண்டு. இத்தனை இடையூறுகளுக்கு நடுவே, மூச்சு வாங்கி, நெஞ்சு படபடத்து, கால்கள் தள்ளாடி நிற்பவன் எய்யும் அம்பு எங்கே போய்ப் பாயும் என்று யாரால் உறுதி கூற முடியும்?

கருவிகள் வளர்ந்துவிட்ட இக்காலத்தில் உடல் வலிமை எதற்கு என்று கேட்பார் உளர். அவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. 1969ஆம் ஆண்டில் ஹோலிஸ் வில்பர் ஆலன் என்னும் அமெரிக்கர் கப்பிகள் பொருத்திய கூட்டு வில்லுக்குப் புத்தாக்க உரிமை பெற்றார். பழைய வில்லில், நாணை இழுக்க இழுக்கச் சுமை மிகும். கூட்டு வில்லிலோ, முழுதும் இழுத்து முடித்தபின் சுமை பெரிதும் குறைந்துவிடும். இழுக்கும்போது 60 பவுண்டு விசை வேண்டிய வில்லை இழுத்து நிறுத்தியபின், 15 பவுண்டு அளவே தாங்கினால் போதும் என்னும்படி அது அமைந்திருக்கின்றது. ஆனால், முதலில் அந்த 60 பவுண்டையும் இழுக்க வேண்டியது முதுகுத் தசையன்றோ? மரத்தின் பின்னால் மறைந்து நிற்கும் எல்க் ஓரடி முன்னே வரும்வரை, நாணைத் தளர்த்தாமல் காத்து நிற்பது தோளன்றோ? வில்லைச் சுமந்து ஆயிரம் மீட்டர் ஏறுவது காலன்றோ? கப்பி கைக்குத் துணை செய்யும். மூச்சுக்குத் துணை செய்யாது.

எனவே, செப்டம்பரில் வேட்டைக்குச் செல்ல விரும்புவோன் ஏப்ரல் மாதத்திலேயே உடலைப் பழக்கத் தொடங்குதல் வேண்டும். முதற்பயிற்சி நடை. ஒருவரோடு உரையாடிக்கொண்டே செல்லத்தக்க வேகத்தில், வாரத்தில் மூன்று நான்கு நாள், நெடுநேரம் நடத்தல் நன்று. இவ்வாறு அமைதியாக நெடுந்தொலைவு நடப்பது இதயத்தை உறுதியாக்கும். பின்னர், முதுகில் சிறுசுமை ஏற்றி நடக்கலாம். ஐந்தாறு கிலோவில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுவதே முறை. ஒரே நாளில் பெருஞ்சுமை ஏற்றுவோன் முழங்காலையும் முதுகையும் கெடுத்துக்கொள்வான்.

மலை இல்லாத ஊரில் வாழ்வோர் மாடிப்படிகளை மலையாகக் கொள்ளலாம். ஏறுவது எவ்வளவு இன்றியமையாததோ, இறங்குவதும் அவ்வளவு இன்றியமையாதது. ஏறும்போது மூச்சு வருந்தும். இறங்கும்போது தொடைத் தசை வருந்தும். இறங்கிப் பழகாதவன் முதல் நாள் வேட்டையிலேயே கால் வலித்து முடங்கிவிடுவான். தோப்புக்கரணத்தைப்போல் உட்கார்ந்து எழும் பயிற்சி தொடைக்கு உரமூட்டும். பளுவைத் தன்பால் இழுக்கும் பயிற்சி முதுகுக்கும் தோளுக்கும் வலிமை தரும். உழைப்பின் நடுவே ஓய்வு நாளும் வேண்டும். உழைப்பால் தளர்ந்த தசை ஓய்வில்தான் வலுப்பெறுகின்றது. வயது முதிர்ந்தோரும் நோயுடையோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே இவற்றைத் தொடங்குதல் வேண்டும்.

இவற்றோடு வில் பயிற்சியையும் இணைத்தல் இன்றியமையாதது. பலர் சமநிலத்தில், குளிர்ந்த காலைப் பொழுதில், இளைப்பாறி நின்று நூறு அம்புகள் எய்வர். அவற்றுள் பெரும்பாலானவை இலக்கின் நடுவில் தைப்பதைக் கண்டு மகிழ்வர். அது நல்ல தொடக்கமே. ஆனால் முழுப் பயிற்சி ஆகாது. சிறிது தொலைவு மேட்டில் ஓடி ஏறி, மூச்சு வாங்கும் நிலையிலேயே ஓர் அம்பு எய்து பார்க்க வேண்டும். மண்டியிட்டும், சரிவில் நின்றும், முதுகில் சுமையோடும் எய்து பார்க்க வேண்டும். ஓய்ந்த நிலையில் 50 மீட்டர் தொலைவில் தவறாதவன், இளைத்த நிலையில் 25 மீட்டருக்கு மேல் தவறக்கூடும். அந்த 25 மீட்டரே மலையில் அவனுடைய எல்லை. தன் எல்லையை முன்னரே அறிந்துகொள்வது பயிற்சியின் பெரும்பயன். பருவம் தொடங்குவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே மலைக்குச் சென்று தங்கினால், உடல் அவ்விடத்துக் காற்றுக்கு ஓரளவு பழகும்.

விலங்கு வீழ்ந்தவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. கடுமையான வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது. வேட்டையாடிய விலங்கின் உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது கொலராடோவில் சட்டப்படி குற்றம். பெரிய எல்க் ஒன்றில், எலும்பு நீக்கிய இறைச்சியே நூறு கிலோ அளவு தேறக்கூடும். வண்டி செல்லாத காட்டில் அதனை முதுகில்தான் சுமந்து வர வேண்டும். முறைக்கு 25 கிலோ என்று கொண்டாலும், நான்கு முறை சென்று மீள வேண்டும். செப்டம்பர் மாதத்து நண்பகல் வெயிலில் இறைச்சி விரைவில் கெட்டுவிடும்; தாழ்த்துவதற்கு இடமில்லை. இச்சுமையைத் தாங்கும் ஆற்றல் இல்லாதவன் ஓர் உயிரைக் கொன்று அதன் உடலை அழுக விடுகின்றான். அதனினும் பெரிய வீண்செயல் வேறு யாதுளது?

உடல் தகுதியின்றி மலையேறுவோன் பிறருக்கும் சுமையாகின்றான். கொலராடோ மலைகளில் வழி தவறியவரையும் நோயுற்று விழுந்தவரையும் தேடிச் சென்று மீட்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். நள்ளிரவென்றும் பனியென்றும் பாராமல் அவர்கள் புறப்படுகின்றனர். ஒருவனுடைய சோம்பலுக்காகப் பலர் தம் உயிரைப் பணயம் வைத்தல் முறையாகுமா?

வேட்டையை வாழ்வாகக் கொண்டிருந்த பழங்குடியினர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். கலிபோர்னியா மலைப்பகுதியில் வாழ்ந்த யாஹி என்னும் குடியில் எஞ்சிய கடைசி மனிதர் இஷி. தம் மக்கள் யாவரையும் இழந்து, 1911ஆம் ஆண்டில் அவர் வெளியுலகுக்கு வந்தார். 1916ஆம் ஆண்டில் காலமானார். அவரிடம் வில்வித்தை கற்றவர் சாக்ஸ்டன் போப் என்னும் மருத்துவர். போப் 1923ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், இஷி வேட்டைக்குச் செல்லும் முறையைக் குறித்து வைத்துள்ளார். வேட்டைக்கு முன்னாள் இஷி மீன் உண்பதில்லை, புகைப்பதும் இல்லை. விடியற்காலையில் எழுந்து ஓடையில் நீராடுவார். வாயைக் கொப்பளித்து, உணவு கொள்ளாமல் புறப்படுவார். விலங்குகள் மோப்பத்தால் அறியாதிருக்க இவை உதவின. ஆயினும், இவற்றில் அடக்கமும் ஒழுக்கமும் கலந்திருப்பதைக் காணலாம். உயிரைக் கொள்ளச் செல்வோன் முதலில் தன்னைச் செப்பம் செய்துகொள்ள வேண்டும் என்பதே அவ்வொழுக்கத்தின் கருத்து.

உடலைப் பண்படுத்துவதன் முடிந்த பயன் எய்யும் ஆற்றல் மட்டும் அன்று. எய்யாமல் விடும் ஆற்றலும் ஆகும். களைத்துச் சோர்ந்தவன் கண்ணெதிரே எல்க் தோன்றினால், மீண்டும் ஒருமுறை மலையேற முடியாதே என்னும் எண்ணம் அவனைத் துரத்தும். தொலைவு மிகுதி என்று அறிந்தும் அவன் அம்பை விடுவான். உரம் பெற்ற உடலுடையவனுக்கு அந்தப் பரபரப்பு இல்லை. இன்று வாய்ப்பில்லையேல், நாளை மீண்டும் ஏறலாம் என்னும் துணிவு அவனிடம் உண்டு. அவன் நாணை மெல்லத் தளர்த்தி, விலங்கைப் போகவிடுவான். வலிமை பெற்றவனே பொறுமை காட்ட வல்லவன்.

இவ்வுண்மை வேட்டுவனுக்கு மட்டும் உரியதன்று. நோயாளியின் உடலில் கத்தி வைக்கும் மருத்துவர், பலரை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர், தீயினுள் புகும் தீயணைப்பு வீரர் ஆகிய எல்லாருடைய கையிலும் பிறர் உயிர் இருக்கின்றது. அவர்கள் தம் உடலைப் பேணுவது தமக்காக மட்டும் அன்று. தன் தளர்ச்சியால் பிறிதோர் உயிர் வருந்தக் கூடாது என்று எண்ணி உடலை உரமாக்குவோனிடம் வலிமையும் இரக்கமும் ஒருங்கே வளர்கின்றன.