வேகம் பார்த்து சிப் வாங்காதீர்கள்



ஆறுமுகநேரி உப்பளத்தில் பம்ப் மீட்டர்களை இணைத்த என் பழைய மாணவன், இடிமழையில் ஆர்எஸ்-485 சிப் மூன்றாம் முறையும் போய்விட்டதென்று வந்தான். கூலியெல்லாம் அதிலேயே போச்சு. டேட்டாஷீட்டை வாங்கிப் படித்தேன்.

ஒரே வள்ளத்தில் நிற்கும் இருவரை அலை சேர்த்தே தூக்கும். அவர்களின் உயர வித்தியாசம் மாறாது. இரட்டைக் கம்பியிலும் சிப் வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. ஆனால் அலைக்கும் அளவுண்டு: மைனஸ் 7 முதல் பிளஸ் 12 வோல்ட். இரு முனை எர்த்தும் அதற்குமேல் விலகினால் சாதா சிப்புக்கு ஆபத்து.

அவன் வாங்கியதோ நொடிக்கு 25 லட்சம் பிட் வேகம். மீட்டருக்கு 9,600 போதுமே! தூரத்து இணைப்புக்கு வேகம் குறைந்த, ஐசொலேஷன் உள்ள டிரான்சீவரையே வாங்குங்கள், விலை கூடத்தான். இடிக்குத் தனியாக சர்ஜ் அரெஸ்டரும் வேண்டும்.

இரு கடைசியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்டாயா என்றேன். தலையைச் சொறிந்தான். எட்டாம் வகுப்பிலும் அப்படித்தான்.