ஊருக்கு வாருங்கள், சம்பளத்தைக் குறைக்காமல்

கொழும்பில் இருக்கும் ஐ.ரி. பிள்ளைகள் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் எடுத்து வைப்பது செலவுக் கணக்கைத்தான். வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸுக்குக் கொடுக்கும் வாடகைக்கு இங்கே முழு வீடே எடுக்கலாம், சாப்பாடு நயம், மாதம் முடிய மிச்சம் பிடிக்கலாம் என்கிறார்கள். கூடவே இன்னொன்றும் வருகிறது: செலவு குறைந்த ஊரில் கொழும்புச் சம்பளம் எதற்கு? பிள்ளைகள் திரும்ப வேண்டும் என்பதில் எனக்கும் ஆசைதான். ஆனால் அதற்குச் சொல்லும் காரணம் பிழை. அதிலிருந்து எடுக்கும் முடிவு அநியாயம்.

மருதனார்மடத்திலும் திருநெல்வேலிச் சந்தையிலும் மரக்கறி கொழும்பை விட நயம் என்பது உண்மை. குருநகரிலும் பாசையூரிலும் மீனும் அப்படித்தான். அதோடு அந்தப் பட்டியல் முடிந்துவிடுகிறது. மின்கட்டணம் நாடு முழுவதற்கும் ஒன்று, இணையப் பொதியும் ஒன்று. பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் மடிக்கணினிக்கும் வவுனியா தாண்டினால் கழிவு கிடையாது. எரிவாயு சிலிண்டர் ஏற்றுகூலி சேர்ந்து இங்கே விலை கூட. 36 வீதம் வரை ஏறும் வருமான வரி ஊர் பார்த்துக் குறைவதில்லை. கொழும்பில் பஸ்ஸை நம்பி வாழலாம்; இங்கே மோட்டார் சைக்கிள் இல்லாமல் அலுவல் நடக்காது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய மோட்டார் சைக்கிள் தேடி அலைந்தவர்களைக் கேட்டால் அந்தச் செலவைச் சொல்வார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை வீடும் காணியும் மலிவு என்பது. யாழ்ப்பாணத்துக் காணி விலையை இங்கே உழைக்கிறவர்கள் தீர்மானிப்பதில்லை. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் உழைத்த காசு நல்லூரிலும் கொக்குவிலிலும் திருநெல்வேலியிலும் பரப்புப் பரப்பாக இறங்குகிறது. விற்க வரும் காணியோ கொஞ்சம். வலிகாமம் வடக்கில் 1990இல் சனம் எழும்பிப் போன நிலத்தில் ஒரு பகுதி இன்னும் படையினரிடம் இருக்கிறது. மிச்சத்தில் எத்தனையோ வளவுகளின் உரித்தாளர்கள் நாலு நாட்டில் சிதறிக் கிடக்கிறார்கள். அற்றோணி வந்து சேராமல் உறுதி எழுத முடியாது. தேசவழமையின்படி பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு, மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். இவ்வளவையும் தாண்டி விலைக்கு வரும் 2 பரப்புக்கு, ரூபாவில் சம்பளம் வாங்கும் பிள்ளை பவுணோடும் பிராங்கோடும் போட்டி போட வேண்டும். நகரை அண்டிய இடங்களில் வாடகையும் அந்தக் காணி விலையின் பின்னால்தான் போகிறது.

வீடு கிடைத்தாலும் தண்ணீர் தனிக் கணக்கு. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரே எல்லாம். தோட்டத்து உரமும் மலகூடக் குழியும் சேர்ந்து நைத்திரேற்று ஏறிய கிணறுகள் ஏராளம். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்கு உயர் நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு விதித்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் தாளையடி நிலையம் திறந்ததே 2024 ஆகஸ்ட்டில்தான். குழாய்நீர் வராத, கிணறும் சரியில்லாத வீட்டில் குடிநீரைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

அப்பா அம்மாவின் வீடு இருக்கிறதே, வாடகையே இல்லையே என்று கேட்பார்கள். அந்த வீட்டைக் கட்டியது வெளிநாட்டில் இரண்டு வேலை செய்த அண்ணனாக இருக்கும், அல்லது ஓய்வூதியக் காசைக் கொட்டிய தகப்பனாக இருக்கும். நாளைக்கு அது தங்கச்சியின் சீதனமாகவும் எழுதப்படலாம். குடும்பம் தன் பிள்ளைக்குக் கொடுக்கும் இருப்பிடத்தையும் சாப்பாட்டையும் ஒரு நிறுவனம் தன் சம்பளப் பட்டியலில் கழித்துக்கொள்வது எந்த வகையில் நியாயம்? மன்னாரில் இருந்தோ மலையகத்தில் இருந்தோ வந்து இங்கே அறை எடுத்து இருக்கும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒட்டவே ஒட்டாது.

சம்பளத்துக்கு வருவோம். ஒஸ்லோவிலோ மெல்பேர்ணிலோ இருக்கும் வாடிக்கையாளர் கொடுக்கும் காசு, நிரல் தெமட்டகொடையில் எழுதப்பட்டதா கோண்டாவிலில் எழுதப்பட்டதா என்று பார்த்துக் குறைவதில்லை. சம்பளத்தைக் குறைத்தால் வரும் இடைவெளி நிறுவனத்தின் கையில் தங்குகிறது. பெரிய நிறுவனங்களே இப்படித்தான் செய்கின்றன என்று சிலர் வாதாடலாம். 2020 மே மாதம் பேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பேர்க், செலவு குறைந்த ஊருக்குக் குடிபெயரும் ஊழியரின் சம்பளம் அந்த ஊருக்கேற்ப மாற்றப்படும் என்று அறிவித்தது உண்மைதான். கலிபோர்னியாவை விட்டவர்கள் போய்க் குவிந்த ஒஸ்ரினில் அடுத்த இரண்டு வருடத்தில் வீட்டு விலை பாய்ந்து ஏறியதும் உண்மைதான். சம்பளத்தைக் குறைக்கச் சொன்ன காரணமே அங்கே ஆட்டம் கண்டது.

மலிவை நம்பி வரும் நிறுவனம் அதைவிட மலிவான ஊர் கிடைத்ததும் எழும்பிவிடும். இருக்கும் வரைக்கும் இங்கே தருவது சின்ன வேலைகளாகவே இருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணினி படித்தவர்களும் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்தவர்களும் அதைச் செய்து இரண்டு வருடம் பழகிவிட்டுக் கொழும்புக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போவார்கள். திரும்பி வரச் சொல்கிறவர்களே அவர்களை அனுப்பி வைப்பதாக முடியும்.

இங்கே மின்சாரமும் இணையமும் சரியில்லை, வர வேண்டாம் என்று எதிர்ப்பக்கத்தில் சொல்லப்படும் குறைகளில் அதிகம் நிற்கத் தேவையில்லை. 2022 மார்ச் முடிவில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது கொழும்பும் இருட்டில்தான் இருந்தது.

திரும்ப நல்ல காரணங்கள் உண்டு. வயது போகும் தாய் தகப்பன், பிள்ளைக்குத் தமிழில் பள்ளிக்கூடம், வேலைக்குப் போய்வர வீதியில் கரையாத நேரம். இவற்றுக்காக வருகிறவர் மலிவான ஆள் ஆகிவிடுவதில்லை. ஆகவே வர நினைக்கும் பிள்ளைகளே, கொழும்பில் வாங்கும் அதே தொகையைக் கேளுங்கள். வேலைத்தளம் யாழ்ப்பாணம் என்பதற்காக நியமனக் கடிதத்தில் தொகை குறைந்திருந்தால், கையெழுத்து வைக்க முதல் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.