கூடக்குறைய 2.9

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் ஒவ்வொரு முறையும் ஒரு மீமும் கூடவே கிளம்பிவிடுகிறது. மேலே நிலா, கீழே காலிக்குடத்தோடு ஒரு பெண். "அங்க தண்ணி தேடுறாங்க, இங்க குடிக்கத் தண்ணி இல்ல." எங்கள் கள்ளக்குறிச்சிக்காரர்கள் அனுப்பினால் அந்தப் பெண் கல்வராயன் மலைப் பெண்ணாக இருப்பார். காலேஜ் குரூப், அபார்ட்மெண்ட் குரூப், சொந்தக்கார குரூப் என்று எல்லா வாட்ஸப் குழுவிலும் வந்து விழும். கீழே நாலு பேர் கைகூப்புவார்கள். அப்புறம் எல்லோரும் சாப்பிடப் போய்விடுவோம்.

எனக்கு இந்த மீம் மேல் கோபம் உண்டு. இஸ்ரோவைத் திட்டுகிறார்களே என்றில்லை, தாராளமாகத் திட்டட்டும். திட்ட வேண்டிய ஆளை இது பின்வாசல் வழியாக அனுப்பிவைத்துவிடுகிறது.

முதலில் காசுக்கணக்கை முடித்துவிடுவோம், அது நீளமான விஷயமில்லை. சந்திரயான்-1க்கு ஆன செலவு சுமார் 386 கோடி ரூபாய். வீட்டுக்கு வீடு குழாய் என்று 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்துக்கு ஒதுக்கியதாகச் சொன்னது 3.6 லட்சம் கோடி. நிலாவுக்குப் போனது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டாஸ்மாக் வருமானம் 2023-24இல் 45,000 கோடிக்கு மேல். அந்தக் கணக்கில் சந்திரயான்-1 என்பது நம் மாநிலம் மூணு நாள் சொச்சம் குடித்த காசு. நிலாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் மலைக்குத் தண்ணீர் வந்திருக்கும் என்று நம்புகிறவர், அந்த 3.6 லட்சம் கோடி எங்கே போனது என்று ஒருமுறையாவது கேட்டிருக்க வேண்டும். மீம் அதைக் கேட்காது. வானத்தைக் காட்டிவிட்டால் பி.டி.ஓ. ஆபீஸைக் காட்ட வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பும் லேசுப்பட்டதில்லை. அது கொடித்தரப்பு. 2008 நவம்பர் 14 அன்று நடந்ததை இவர்கள் சொல்லும்போது கேட்க வேண்டும்: நிலவில் மூவர்ணக்கொடி, நாலாவது நாடு, நேரு பிறந்தநாள், கலாம் ஐயா சொன்ன யோசனை. எல்லாம் உண்மைதான். திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக்காரர். சந்திரயான்-3இன் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். 2019 வரை நாங்களும் அந்த மாவட்டம்தான் என்பதால் அவர் பெயரில் எங்களுக்கும் பங்கு கேட்டு ஸ்டேட்டஸ் போட்டோம். ஆனால் அன்று ராத்திரி கீழே விழுந்த அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று கேட்டுப்பாருங்கள். பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது.

பெட்டியின் எடை சுமார் 35 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிடக் கொஞ்சம் கூட. 100 கிலோமீட்டர் உயரத்தில் தாய்க்கலத்திலிருந்து கழன்று, 25 நிமிடம் விழுந்து, நிலவின் தென்துருவத்தில் ஷேக்கிள்டன் பள்ளத்தின் அருகே மோதியது. மெதுவாக இறக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது, மோதி நொறுங்குவதுதான் திட்டமே. வெளிப்பக்கத்தில் கொடி வரைந்திருந்தது. உள்ளே உயரம் பார்க்க ஒரு ரேடார், படம் பிடிக்க ஒரு கேமரா, கூடவே திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் மையத்தில் செய்த 'சேஸ்' என்ற ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறுகளை எடைவாரியாகப் பிரித்து எண்ணுகிற தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுகிற வழியெல்லாம் அது 600 முறைக்கு மேல் எண்ணியது. 18 என்ற எடையில் ஒரு மேடு எழுந்தது. ஆக்சிஜனுக்கு 16, ஹைட்ரஜன் இரண்டுக்கு 2. தண்ணீர்.

இந்த இடத்தில் ஒரு சராசரி அரசு அலுவலகமோ, ஏன், ஒரு சராசரி சாஃப்ட்வேர் கம்பெனியோ என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரியே கேக் வெட்டும்.

அவர்கள் வெட்டவில்லை. காரணம், அந்த 18 எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம். பூமியில் செய்த எந்தக் கருவியும் பூமியின் ஈரத்தைத் தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டுதான் போகும். வெற்றிடத்துக்குப் போனதும் அது கசியும். நிலாத் தண்ணீர் என்று நாம் கொண்டாடுவது திருவனந்தபுரத்துக் காற்றின் ஈரமாக இருந்துவிட்டால்? வெளியே சொல்லாமல் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே சந்திரயானில் நாசா வைத்திருந்த 'எம்-3' என்ற கருவி, நிலவில் பட்டுத் திரும்பும் ஒளியில் 3 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகே ஒரு பள்ளத்தைக் கண்டது. அது தண்ணீரோ அதன் உறவுக்கார மூலக்கூறோ தரும் கைரேகை. 2009 செப்டம்பரில் அதை அறிவித்தார்கள். 1999இலேயே நிலவைக் கடந்துபோன காசினி கலத்தின் தரவையும் அப்போதுதான் தூசுதட்டி எடுத்துப் பார்த்தார்கள். அதிலும் அதே பள்ளம். பத்து வருஷமாகக் கையில் இருந்த தண்ணீர். சேஸ் குழுவின் கட்டுரை 2010இல்தான் வெளிவந்தது.

"பாத்தியா, நாசாக்காரன் கிரெடிட்ட அடிச்சுட்டான்" என்று கொடித்தரப்பு இன்றைக்கும் புலம்புகிறது. எனக்கு அந்தப் புலம்பல் புரியவில்லை. சேஸ் குழு சந்தேகப்பட்டது சரி. தப்பு வேறிடத்தில் இருக்கிறது. கொடி போய்ச் சேர்ந்த செய்தியை அன்றைக்கே ஊரெல்லாம் சொன்னவர்கள், "ஒரு தடயம் கிடைத்திருக்கிறது, உறுதியில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற ஒரு வரியை மக்களிடம் சொல்லவில்லை. 'உறுதியில்லை' என்ற வார்த்தை நம் காதுக்குத் தோல்வி மாதிரிக் கேட்கும் என்று பயந்திருப்பார்கள் போல. பயந்தது நியாயம்தான், நாம் அப்படித்தான் கேட்போம்.

வெளியே சொன்னவர்களும் உண்டு. 1999 ஜூலை 31 அன்று லூனார் பிராஸ்பெக்டர் கலத்தை, ஆயுள் முடிகிற நேரத்தில், தென்துருவத்தின் நிழல் பள்ளம் ஒன்றில் நாசா வேண்டுமென்றே மோதவிட்டது. கிளம்பும் புழுதியில் நீராவி தெரிகிறதா என்று பூமியிலிருந்து தொலைநோக்கிகள் பார்த்திருந்தன. ஒன்றும் தெரியவில்லை. 'ஒன்றும் தெரியவில்லை' என்றே எழுதினார்கள். தண்ணீர் இல்லை என்று எழுதவில்லை, கவனியுங்கள்.

பத்து வருஷம் கழித்து, 2009 அக்டோபர் 9 அன்று, எல்கிராஸ். இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள காலி ராக்கெட் பாகத்தை கேபியஸ் என்ற பள்ளத்தில் அடித்து, பின்னாலேயே வந்த சிறு கலம் அந்தப் புழுதிக்குள் புகுந்து அளந்துகொண்டே தானும் மோதியது. பெரிய புழுதிமேகம் தெரியும் என்று டிவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம், திரையில் ஒன்றும் தெரியவில்லை. கருவிகளுக்குத் தெரிந்தது. ஒரு வருஷம் கணக்குப் போட்டு 2010இல் வெளியிட்டார்கள்: பார்வைக்குள் வந்த தண்ணீர் 155 கிலோ, கூடக்குறைய 12. அந்த மண்ணின் எடையில் தண்ணீர் 5.6 சதவீதம், கூடக்குறைய 2.9.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அந்த 2.9க்காகத்தான். 5.6 என்று சொல்லிவிட்டு, அது 2.7 ஆகவும் இருக்கலாம், 8.5 ஆகவும் இருக்கலாம் என்று அதே மூச்சில் ஒத்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கான டாலர் செலவு செய்து, ஒரு ராக்கெட்டையே உடைத்துவிட்டு, 'எங்களுக்கு இவ்வளவுதான் தெரியும்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். மனுஷப்பூச்சி ஒன்றுகூட இல்லாத ஒரு பள்ளத்துக்கு இவ்வளவு மரியாதை.

இனி கல்வராயன் மலைக்கு வருவோம். அந்த மலையில் இருக்கும் திரவங்களில் எதையெல்லாம் அரசு அளக்கிறது?

முதலில் அணைத் தண்ணீர். மலையில் பெய்கிற மழைதான் கோமுகி, மணிமுக்தா இரண்டு ஆறுகளும். அடிவாரத்து அணைகளின் நீர்மட்டம் எத்தனை அடி என்று மழைக்காலம் வந்தால் பேப்பரில் வந்துவிடும், ஏனென்றால் கீழே வயல் இருக்கிறது, பாசன விவசாயி இருக்கிறார், திறந்துவிடும் தேதிக்குப் போராடச் சங்கம் இருக்கிறது. அடுத்தது சாராய ஊறல். போலீஸ் மலையேறினால் இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு என்று கச்சிதமாக எண் வரும், பேரல் எத்தனை என்பது உள்பட. மேலே மலையாளி பழங்குடிக் குடும்பங்கள் குடிக்கிற ஊற்றுக்கும் சுனைக்கும் மட்டும் லிட்டர் கணக்கு கிடையாது. கீழே இறங்கிய பிறகுதான் அந்தத் தண்ணீருக்கு எண் முளைக்கிறது.

"குழாய் போட்டாச்சே, கணக்கு இருக்கே" என்பார்கள். என்ன கணக்கு? ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமாக, தொடர்ச்சியாக என்பதுதான் திட்டம் தனக்கே வைத்துக்கொண்ட அளவு. ஆனால் டாஷ்போர்டில் பெரிய எழுத்தில் ஓடுவது இணைப்புகளின் எண்ணிக்கை. வீட்டில் குழாய் உண்டா, இல்லையா? எங்கள் தொழிலில் இதை பூலியன் என்போம், ஆம் அல்லது இல்லை என்ற இரண்டே மதிப்பு. நவம்பரில் மழை பெய்கிறபோது டிக் அடித்தால் மே மாதமும் அந்த டிக் அப்படியேதான் இருக்கும். தண்ணீர் நின்றுபோகலாம், டிக் நிற்காது. மாதிரி ஆய்வுகளும் நடக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. அந்தச் சராசரிக்குள் நாற்பது வீட்டு மலைக் குக்கிராமம் ஒன்று இருக்கும் இடம் தெரியாமல் கரைந்துவிடும். கூடக்குறைய எவ்வளவு என்று எந்தக் கட்டத்திலும் போட்டிருக்காது.

மலை மக்களின் நிலையைப் பற்றி யாராவது அதிகாரபூர்வமாகக் கேட்க வேண்டுமென்றால் அதற்கும் சாராயம்தான் தேவைப்பட்டது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். கருணாபுரம் மலையில் இல்லை, கள்ளக்குறிச்சி டவுனில். அதற்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. அதுவரை எல்லாக் கட்டத்திலும் டிக் இருந்திருக்கும்.

"அளந்தா மட்டும் தண்ணி வந்துடுமாடா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வராது. ஆனால் எண் இல்லாதவரை, "வருது சார்" என்கிற அதிகாரியும் "வரலைங்க" என்கிற பெண்ணும் சரிசமமான இரண்டு வாய்கள். அதில் யார் வாய் ஜெயிக்கும் என்று நமக்குத் தெரியும். ஆட்சியர் முன்னால் மனு கொடுக்க நிற்கிறவர் கையில் பன்னிரண்டு மாத எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். கோமுகிப் பாசனக்காரருக்கு அணைமட்டம் செய்துகொடுப்பது அதைத்தான்.

இதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேண்டாம். ஒரு குடமும் செல்போனில் இருக்கிற ஸ்டாப்வாட்ச்சும் போதும். மாதத்தில் இரண்டு நாள், ஊற்றிலோ தெருக்குழாயிலோ குடம் நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று மூன்று தடவை பார்த்து, மூன்றையும் தேதியோடு ரேஷன் கடைச் சுவரில் எழுதலாம். மீம் அனுப்புகிற இளைஞர்களில் பத்துப் பேர் வெள்ளிமலைக்கு பஸ் ஏறினால் ஒரு வருஷத்தில் அந்த மலைக்கு ஒரு தண்ணீர்க்கணக்கு வந்துவிடும். மூன்று தடவையும் மூன்று விதமாக வந்தால் கூடக்குறைய எவ்வளவு என்பதையும் பக்கத்தில் போடட்டும். மே மாதம் போய் நின்று, அரை மணி நேரம் ஆகியும் குடம் நிறையவில்லை என்றால், 1999இல் எழுதினார்களே, அதே மாதிரி அதையும் எழுதிவிட்டு வரட்டும்.