உறுதி முடிக்குமுன்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். கட்டிய வீட்டை வாங்கிப் பார் என்று அவர் சொல்லாமைக்குக் காரணம், அக்காலத்தில் வீடென்பது முதுசமாகவோ சீதனமாகவோ வந்ததன்றி விலைப் பொருளாகப் பெரிதும் வழங்காமையே. இன்றோ பென்சன் பெறும் ஆசிரியரும், பிறநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசைச் சேர்த்து வைத்த தாயும் வீடு வாங்குகின்றனர். அவர்கள் எம்மைக் கண்டவிடத்துக் கேட்பன ஏறக்குறைய ஒரே கேள்விகளாயிருத்தலின், அவற்றை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். சட்டம் எமது துறையன்று. ஆயினும் ஓர் உறுதிக்குச் சாட்சியாய் ஒப்பமிட்டு, அதனாற் சில பாடங்கள் படித்தோம். அக்கதையை ஈற்றிற் சொல்வோம்.

“விற்பவர் நமக்கு நெடுநாட் பழக்கம். நமக்குள் எழுதிக்கொண்டாற் போதாதோ?” என்பது முதற் கேள்வி. போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒரே வேளையிற் கூடியிருக்க ஒப்பமிடப்படாத காணி விற்பனை செல்லுபடியாகாது. விற்பதாகச் செய்யும் உடன்படிக்கைக்கும் இதுவே விதி. ஆதலால், முற்பணம் கொடுத்துத் துண்டுக் கடுதாசியிற் பற்றுச்சீட்டு வாங்கியவர், அதைக் காட்டி ‘வீட்டைத் தா’ என்று வற்புறுத்த இயலாது. முற்பணங் கொடுப்பதாயின் அந்த உடன்படிக்கையையும் நொத்தாரிசு முன்னிலையிலேயே முடித்துக்கொள்க.

“விற்பவர் ஒரு நொத்தாரிசை ஒழுங்கு செய்திருக்கிறார். அவரே போதாதோ?” என்பது அடுத்தது. முன்னாளிற் புறக்டர் என்று நாம் அழைத்தவரும் இந்நாளிற் சட்டத்தரணி எனப்படுபவருமாகிய ஒருவரே பெரும்பாலும் நொத்தாரிசாகவும் இருப்பர். அவர் எத்துணை நல்லவராயினும், காசு கொடுப்பவர் தாம் நம்பும் ஒருவரைத் தாமே தெரிந்துகொள்வதே முறை. எந்தப் பகுதியில், எந்த மொழியில் உறுதி எழுத அவர் அனுமதி பெற்றவர் என்பதையும், கூலி எவ்வளவு என்பதையும் முதலிலேயே கேட்டறிக. முத்திரைத் தீர்வை வேறு, பதிவுச் செலவு வேறு, நொத்தாரிசின் கூலி வேறு. மூன்றையும் பிரித்து எழுதித் தருமாறு கேட்பதில் வெட்கமில்லை.

“அவர் செய்யும் வேலைதான் என்ன?” என்பாருமுளர். உறுதி எழுதுதல் அவ்வேலையின் கடைசிப் பகுதியே. அதற்கு முன், காணிப் பதிவகத்து ஏடுகளைத் தேடி, வழக்கமாக முப்பது ஆண்டு வரை பின்சென்று, காணி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, ஈடோ ஒற்றியோ வழக்கோ அதன்மேல் உண்டோ என்று ஆராய்தல் வேண்டும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இத்தேடுதலை அவர் கடமையாக விதித்துள்ளது. ஆயினும், தேடுதல் வேண்டாமென்று கட்சிக்காரர் எழுதிக் கொடுத்தால் அவர் அக்கடமையினின்றும் நீங்குவார். சிறு செலவுக்கு அஞ்சி அவ்வாறு எழுதிக் கொடுப்பவர், பெருஞ் செலவுக்கு வாயில் திறந்து வைக்கின்றனர்.

நம் பகுதிக்கு உரிய சிக்கல்கள் சிலவும் உள. பிரிபடாத பங்கை ஒருவர் விற்பாராயின், தேசவழமைக்கு உட்பட்ட பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அதனை முதலிற் கேட்டு வாங்கும் உரிமையை 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வகுத்துள்ளது. அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டதோ என்று பார்த்தல் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டம், மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதத்தை வேண்டிற்று. ஆகவே பழைய உறுதிகளில் அச்சம்மதம் உண்டோ என்பதும் நோக்கற்பாலது.

“உறுதி முடிந்தது, இனிப் பெட்டியில் வைத்துப் பூட்டலாமோ?” பதிந்த பின்னரே பூட்டுக. நொத்தாரிசு தம் உறுதிகளின் இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆந் திகதிக்குள் பதிவகத்திற் சேர்ப்பித்தல் வேண்டும். ஆயினும், ஒப்பமிட்ட உடனே பதிவுக்குக் கொடுக்குமாறு கேட்பதே புத்தி. அதே வீட்டை மற்றொருவரும் விலை கொடுத்து வாங்கி, வஞ்சனையின்றி, முந்திப் பதிந்துகொள்வாராயின், 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டப்படி அவர் உறுதியே முந்தும். பதிவு முந்துரிமை தரும். உரிமையற்றவன் எழுதிய உறுதியை அது நல்லுறுதியாக்காது.

இனி, நொத்தாரிசு செய்யாத வேலை ஒன்றுண்டு. அவர் ஏட்டைப் பார்ப்பார், வேலியைப் பாரார். வீட்டில் யார் குடியிருக்கின்றனர், பரப்பும் குழியும் நிலஅளவைப் படத்தோடு ஒத்துள்ளனவோ, கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதியிற் கண்டுள்ளனவோ, சோலைவரி கட்டப்பட்டுள்ளதோ என்பவற்றை வாங்குபவரே நேரிற் சென்று அறிதல் வேண்டும். பத்தாண்டு தடையின்றி எதிருரிமையோடு இருந்தவனுக்கு 1871ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை கொடுக்கும். யுத்தத்தால் தம் உரிமையைத் தேட முடியாதிருந்தோர் பொருட்டு 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆதலால் நெடுநாள் ஆளில்லாதிருந்த வீடாயின் இருமடங்கு விசாரிக்க.

இனி எமது கதை. எம்மோடு படிப்பித்த நண்பர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தையெல்லாம் திரட்டி ஒரு வீடு வாங்கினார். உரிமைகாரர் பிறநாட்டில் இருந்தமையால், அவருடைய மருமகன் அற்றோணித் தத்துவத்தின்படி ஒப்பமிட்டார். தத்துவம் ஒழுங்காகப் பதியப்பட்டிருந்தது; ஏட்டிலும் குற்றமில்லை. நாமும் சாட்சியாய் ஒப்பமிட்டு, தேநீர் அருந்தி மீண்டோம். பத்து மாதஞ் சென்றபின், அம்மருமகன் தம் மாமனாரின் ஆண்டுத் திவசத்துக்கு அழைப்புக் கொண்டுவந்து நண்பர் கையிற் கொடுத்தார். காலமான திகதியைக் கண்ட நண்பர் உறுதியை எடுத்துப் பார்த்தார். உறுதி முடிந்தது அதற்குப் பதினொரு நாட் பின்னர்.

தத்துவம் கொடுத்தவர் இறந்தவுடன் தத்துவமும் இறந்துவிடும் என்பதை அவ்விளைஞர் அறியார். “மாமா முன்னமே விலை பேசி முடித்தவர், மாஸ்டர். செத்தவீட்டுக் கதையைச் சொல்லி நல்ல காரியத்தைத் தள்ளிப் போடுவான் ஏன் என்று விட்டுவிட்டேன்” என்றார். அவர் ஒரு சதமும் எடுத்தவரல்லர். பணம் முழுவதும் மாமியாரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவரும் வஞ்சிக்கவில்லை. ஆயினும் நண்பருக்கு வீடில்லை.

நீதிமன்றில் மரணசாதன வழக்கு முடிய இரண்டாண்டுக்கு மேலாயிற்று. அக்காலமெல்லாம் நண்பர் அவ்வீட்டின் ஓடு ஒன்றை மாற்றவும் கை நடுங்கினார். அம்மையாரோ, தாம் பெற்ற பணத்துக்கு வீடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்ற ஒரே எண்ணத்தோடு, கோயிற் திருவிழாவுக்கு வந்தபோது நேரிற் சென்று புதிய உறுதிக்கு ஒப்பமிட்டார். மறுத்திருப்பாராயின் நண்பரின் கதி யாதாகியிருக்குமோ!

இரண்டாம் உறுதிக்கும் நாமே சாட்சி. ஒரு வீட்டுப் படியேறினால், “எல்லாரும் சுகமோ? வெளியிலிருப்பவர்கள் எப்படி?” என்று கேளாமல் நாம் இருப்பதில்லை. முதலுறுதி முடிந்த அன்று, காசும் கடுதாசியும் பெரிதாய்த் தோன்றியமையால், நொத்தாரிசும் கேட்கவில்லை; நண்பரும் கேட்கவில்லை; முப்பது பிள்ளைகளுக்கு முன் நின்று நாள்தோறும் கேள்வி கேட்கும் நாமும் கேட்கவில்லை. நேயர்களே, நீங்கள் கேளுங்கள்.