வரிக்குதிரை மீனும் நம்ம வாய்ச்சவடாலும்

மீன் வளர்க்குற நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா, ஒரு கட்டத்துல யாராவது ஒருத்தர் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு இதைச் சொல்லிடுவாங்க. "ஸீப்ரா பிளெக்கோ ஆத்துல கிட்டத்தட்ட அழிஞ்சு போச்சு பாஸ். நம்மள மாதிரி ஆளுங்க தொட்டியில குஞ்சு எடுக்கறதாலதான் அந்த இனமே உசுரோட இருக்கு."

போன ஞாயித்துக்கிழமை கொளத்தூர்ல டீ குடிச்சுக்கிட்டே ஒரு நண்பர் சொன்னார். நானும் ஒரு காலத்துல இதே டயலாக்கை இதைவிட நல்லா ஏத்த இறக்கத்தோட சொன்னவன்தான். அதனாலயோ என்னவோ, இப்ப கேட்டா கடுப்பு ரெண்டு மடங்கா வருது.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். கடையில 'டேங்க் கிளீனர்'ன்னு சொல்லி நம்ம தலையில கட்டுவாங்களே சக்கர் மீன், அதோட தூரத்துச் சொந்தம் இது. சக்கர் நம்ம ஏரி குளத்துக்குள்ளயே புகுந்து யாராலயும் ஒழிக்க முடியாம நிக்குது. இந்தச் சொந்தக்காரனோ உலகத்துல ஒரே ஒரு ஆத்துல, அதுலயும் ஒரே ஒரு பகுதியில மட்டும்தான் இருக்கான். பிரேசில்ல ஷிங்கு ஆறு, அல்தமிரா ஊரை ஒட்டி அது வளையுற 'வோல்டா கிராண்டே', அதாவது பெரிய வளைவு. முழுசா வளர்ந்தாலும் சுமார் எட்டு சென்டிமீட்டர்தான். வெள்ளையில கறுப்புக் கோடு. 1991-ல ஹைபன்சிஸ்ட்ரஸ் ஸீப்ரான்னு அறிவியல் பேர் வச்சாங்க. அதுக்கு முன்னாடியே ஜெர்மன்காரங்க எல் 046ன்னு நம்பர் போட்டு விக்க ஆரம்பிச்சுட்டாங்க. நம்ம ஆளுங்க இன்னிக்கும் நம்பரைச் சொல்லித்தான் கேப்பாங்க, ஏதோ பஸ் ரூட் மாதிரி.

சரி, இதைக் குஞ்சு எடுக்கறது கஷ்டமா? வித்தை காட்டுற அளவுக்கெல்லாம் இல்லை. பொறுமைதான் வேணும். 28-லிருந்து 30 டிகிரி தண்ணி, நிறைய ஆக்சிஜன், ஆறு ஓடுற மாதிரி ஒரு இழுப்பு, வெளிச்சம் கம்மி, ஒளிஞ்சுக்க இடுக்கு. சென்னையில ஹீட்டர் செலவு மிச்சம், ஆனா மே மாசம் தண்ணி 33-ஐத் தாண்டாம பாத்துக்கறது தனிப் போராட்டம். கடப்பா கல் துண்டுகளை வெட்டி ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் திறந்த குகை மாதிரி நானே செஞ்சேன். பாசியைத் தின்னு வாழும்னு நினைச்சா பட்டினி போட்டே கொன்னுடுவோம். புழு, இறால்னு கறிதான் பிடிக்கும் இவனுக்கு.

என் தொட்டியில முதல் முட்டை 2022 ஐப்பசியில. ரெண்டு நாள் விடாத மழை, அதோட கொஞ்சம் குளிர்ந்த ஆர்ஓ தண்ணியும் மாத்தி விட்டிருந்தேன். மூணாம் நாள் பாத்தா ஆண் ஒரு குகைக்குள்ள பொண்ணை உள்ள தள்ளி வாசலை மறிச்சுக்கிட்டு நிக்கிறான். அப்புறம் அவ வெளிய வந்துட்டா, இவன் வரலை. டார்ச் அடிச்சுப் பாத்தா மஞ்சளா ஒரு கொத்து. பதினோரு முட்டை. அப்பன்காரன் வாலாலயும் துடுப்பாலயும் ராப்பகலா விசிறிக்கிட்டே இருந்தான். ஆபீஸ் கால்ல மேனேஜர் பேசிக்கிட்டு இருக்கும்போது நான் கேமராவை அணைச்சுட்டு தொட்டி முன்னாடி குந்தி இருந்தேன். ஒரு வாரத்துல பொரிஞ்சுது. வயித்துல மஞ்சக்கரு மூட்டையைச் சுமந்துக்கிட்டு எட்டுப் பேர் பிழைச்சாங்க. அந்த சந்தோஷத்தை நான் மறுக்கவே மாட்டேன். அன்னிக்கு ராத்திரி நானும் "ஒரு இனத்தையே காப்பாத்திட்டேன்டா"ன்னு நண்பனுக்கு போன் போட்டேன்.

இங்கதான் வண்டியைக் கொஞ்சம் பின்னாடி எடுக்கணும்.

அந்த எட்டுக் குஞ்சோட அப்பா அம்மா என் கிட்ட வந்தது 2021-ல. ஆறு மீன். விலையைச் சொன்னா அம்மா இன்னிக்கும் சாப்பாடு போட மாட்டாங்க. "டேங்க் பிரெட் தம்பி, கேரண்டி"ன்னார் கொடுத்தவர். தொட்டியிலயே பிறந்ததாம். ஆறுமே ஏழு சென்டிமீட்டர் இருந்துச்சு. ஒண்ணு வயிறு ஒட்டிப்போய், என்ன போட்டாலும் தொடாம, மூணாவது வாரம் செத்துப்போச்சு.

சாதாரண கணக்கு ஒண்ணு போட்டிருந்தா அன்னிக்கே புரிஞ்சிருக்கும். இது ரொம்ப மெதுவா வளர்ற மீன். அந்த சைஸுக்கு வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். குஞ்சு எடுக்கறவன் எவனாவது மூணு வருஷம் புழு வாங்கிப் போட்டு, முட்டை போடுற நேரத்துல மொத்தமா தூக்கி விப்பானா? மூணு சென்டிமீட்டர் வந்ததும் வித்துடுவான். பெரிய சைஸ்ல, கும்பலா, வயிறு ஒட்டி வர்ற மீன் எங்கிருந்து வருது? வேலையில ஒவ்வொரு வரி கோடுக்கும் 'இதை யார் எழுதினது, எப்ப எழுதினது'ன்னு நோண்டுற நான், இங்க ஒரு கேள்வி கேக்கலை. கேட்டா மீன் கிடைக்காதுங்கற பயம்தான், வேற என்ன.

ஷிங்குல இதைப் பிடிக்கிறவங்க கம்ப்ரஸர் குழாயை வாயில கவ்விக்கிட்டு ஆத்தடிப் பாறைக்குப் போய் ஒவ்வொண்ணா கையால எடுக்கறாங்க. 2004-ல பிரேசில் இதை அழியும் ஆபத்துள்ள இனம்னு பட்டியல்ல போட்டு, பிடிக்கக் கூடாதுன்னு தடை போட்டுச்சு. அப்புறமும் மீன் மனாஸ் வழியா எல்லை ஊர் தபாத்திங்காவுக்குப் போகும். அங்கிருந்து எட்டி நடந்தா கொலம்பியாவோட லெடிசியா. இந்தக் கடத்தல் பலமுறை பிடிபட்டிருக்கு. 2017-ல சைட்டிஸ் பட்டியல்ல ஏறுச்சு, 2022 பனாமா மாநாட்டுல இன்னும் கடுமையான பட்டியலுக்கு மாத்தினாங்க.

உடனே நண்பர் கேப்பார், "மீனைக் கொல்றது நாமளா, அணைக்கட்டா?" நியாயமான கேள்வி. பிடிக்காதேன்னு மீனவனைச் சொன்ன அதே பிரேசில், 2010-ல பெலோ மோன்தே அணைக்கு முதல் அனுமதி கொடுத்துச்சு. 2016-ல மின்சாரம், 2019-ல கட்டி முடிச்சாச்சு, 11,233 மெகாவாட். பெரிய வளைவுக்குள்ள போக வேண்டிய தண்ணியில 80 சதவீதம் வரைக்கும் கால்வாய் வெட்டி டர்பைனுக்குத் திருப்பிடறாங்க. நூறு கிலோமீட்டருக்கும் மேல ஆறு மெலிஞ்சு கிடக்கு. அணைக்கு மேல தேங்கின தண்ணி, கீழ வத்தின தண்ணி. இழுப்புத் தண்ணியில வாழ்ற மீனுக்கு ரெண்டுமே ஆகாது. கரையில இருக்குற ஜுருனா, அராரா மக்களோட மீன்பிடியும் அதோட போச்சு. ஒரு பக்கெட் மீனோட மாட்டினவன் குற்றவாளி, ஆத்தையே தூக்கிட்டுப் போனவன் வளர்ச்சி நாயகன். இதுல எனக்கும் நண்பருக்கும் சண்டையே இல்லை.

ஆனா அதுக்கு அடுத்து அவர் சொல்ற "எப்படியும் சாகப் போற மீன், என் தொட்டியில இருந்தா என்ன"ங்கறதுலதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. வீடு எரியுதுன்னு தெரிஞ்சதும் உள்ள போய் பீரோவைத் தூக்கிட்டு வந்து, 'காப்பாத்தினேன்'ன்னு நம்ம வீட்டுலயே வச்சுக்கற மாதிரி இல்லை? அணை போட்டு ஒடுக்கின இடத்துல மிச்சம் இருக்குறது கொஞ்சம். ஒடுங்கினதாலேயே அந்தக் கொஞ்சத்துல ஒவ்வொண்ணையும் எடுக்கறது முன்னைவிடப் பெரிய சேதம்.

சரி, தொட்டியில இருக்கறதாவது இனத்தைக் காக்குதா? என் கிட்ட அஞ்சு பெருசுல ரெண்டு பொண்ணு. குஞ்சுகள் எல்லாமே அண்ணன் தங்கச்சி. அதுகளை வாங்கிட்டுப் போனவர் அதுகளுக்குள்ளயே ஜோடி சேப்பார். இதே குடும்பத்து வேற மீன்களோட ஒரே தொட்டியில போட்டா கலப்பும் ஆகிடும். கோடு அழகா இருக்குறதை மட்டும் வச்சுக்கிட்டு, கோணலா இருக்குறதைத் தள்ளிடுவோம். எது யாரோட பிள்ளைன்னு ஒரு நோட்டுப் புத்தகம் கூட எவன் கிட்டயும் கிடையாது. அப்படியே ஒழுங்கா வளர்த்தாலும் திரும்பக் கொண்டு போய் விட அங்க தண்ணி எங்க? மச்சாவதாரக் கதையில மீன்தான் மனுஷனைக் காப்பாத்தும். நாம அதைத் திருப்பிப் போட்டு, 60 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டியை ஓடம்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.

உருப்படியான விஷயம் ஒண்ணும் இல்லையான்னா, இருக்கு. தொட்டியில பிறந்த சின்னக் குஞ்சு தாராளமா கிடைச்சா ஆத்து மீனுக்கு மவுசு குறையும். இந்தோனேஷியாவுல பண்ணையிலயே குஞ்சு எடுக்கறாங்க. ஆனா அந்த வழி வேலை செய்யணும்னா, வாங்குறவன் சைஸைப் பாத்து 'எங்க பிறந்தது, பெத்தது யாரு'ன்னு கேக்கணும். நாம கேக்கறது 'லாஸ்ட் பிரைஸ் என்ன?'

2022-ல நம்ம வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி சைட்டிஸ் பட்டியலை உள்ள கொண்டு வந்தாங்க. 2024-ல பதிவு பண்ற விதிகள். இந்தப் பட்டியல்ல இருக்குற உயிரினம் உயிரோட கையில இருந்தா பரிவேஷ் தளத்துல பதியணும். பிறப்பு, இறப்பு, கைமாத்தறது எல்லாமே கணக்கு. நண்பர் சிரிக்கிறார், "மீனுக்கு எவன் வந்து கேக்கப் போறான்?" நான் பதிய உக்காந்தப்பதான் உறைச்சுது. இந்த ஆறு மீன் எங்கிருந்து வந்ததுக்கு என் கிட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. கொடுத்தவரோட பழைய நம்பர் இப்ப உபயோகத்துல இல்லை.

இப்ப குஞ்சு கேட்டு வர்றவங்க கிட்ட முதல்ல இதைத்தான் சொல்றேன்: பெத்தது எங்க பிறந்ததுன்னு எனக்கே தெரியாது, ஆத்துலேருந்து திருடினதா இருக்கலாம், கைமாத்தினா ரெண்டு பேரும் பதியணும். இதுவரை ரெண்டு பேர் வேணாம்னு போயிட்டாங்க. ஒருத்தர் மட்டும் "அதெல்லாம் இருக்கட்டும், கோடு நல்லா இருக்குமா?"ன்னார்.

அவருக்குக் கொடுக்கலை. டீக்கடை நண்பரும் நாலு குஞ்சு கேட்டிருக்கார், வர்ற சனிக்கிழமை வீட்டுக்கு வர்றார். இதே கதையை அவர் கிட்டயும் முழுசா சொல்லப் போறேன். ஆண் இப்ப மறுபடி குகைக்குள்ள விசிறிக்கிட்டு இருக்கான், கரண்ட் போய் பத்து நிமிஷம் ஆச்சு, இன்வெர்ட்டர் ஒரு மாதிரி கத்துது. நான் போய் ஏர் பம்ப்பைப் பாக்கணும்.